அரை மில்லி

ராத்திரி ஒன்று நாற்பதுக்கு
சகாயராணி சிஸ்டர் குழாயைக் கையில் தந்தார்.
அவர் உள்ளங்கைச் சூடு இன்னும் அதில் இருந்தது.
ஒட்டியிருந்த சீட்டில் பெயர் இல்லை,
பெயர் இன்னும் வைக்கவில்லை.
'ஒச்சம்மாள் குழந்தை. ஆண். ஏழாம் நாள்.'

இருபத்தெட்டு வாரம். தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
அந்த உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தத்தையும் ஊற்றினாலும்
பனகல் ரோட்டு டீக்கடை கிளாஸ் நிறையாது.
அதில் அரை மில்லி
எனக்கு.

என் வேலை சின்னது.
சுழற்றிவிட்டால் சிவப்பு அடியில் இறங்கும்,
மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பதை உறிஞ்சி
ஒரு புரதத்தைத் தேட வேண்டும்.
மூளைச் செல்லுக்குள் குடியிருக்க வேண்டிய புரதம் அது.
தெருவில் அண்டா உருண்டு கிடந்தால்
எந்த வீட்டிலோ கதவு உடைந்திருக்கிறது.
உச்சிக்குழி மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன்
சில காயங்களைத் தாமதமாகத்தான் காட்டும்.
ரத்தம் முந்திச் சொல்லும் என்கிறார்கள்.
சொல்லுமா என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு.
இதில் அவன் நாற்பத்தேழாம் எண்.

முதல் நாள் அளவு ஏறியிருந்தது.
மூன்றாம் நாள் கொஞ்சம் இறங்கியது.
எவ்வளவு இறங்கினால் மூச்சு விடலாம் என்று
நசீமா டாக்டருக்கும் தெரியாது.
அந்தக் கோட்டை இன்னும் யாரும் போட்டு முடிக்கவில்லை.

படிக்கட்டில் தவசி உட்கார்ந்திருப்பார்.
பரவை மார்க்கெட்டில் எடை போடுகிறவர்.
பிள்ளை பிறந்த அன்று அவர் சொன்னது ஒரே வார்த்தை:
"கிலோவுக்கு அறுபது கொறச்சல்."
தினமும் என்னைக் கேட்பார்:
"நம்பரு நல்ல நம்பராங்க?"
சொல்லக் கூடாது. சொல்லவும் தெரியாது.

சுழற்றி எடுத்தேன்.
வைக்கோல் நிறம் இல்லை.
மாதுளை கழுவிய தண்ணீர்போல இருந்தது.
சொட்டு வராமல் குதிகாலை அழுத்தியிருக்கிறார்கள்,
செவ்வணு உடைந்துவிட்டது.
உடைந்த செவ்வணுவும்
இதே புரதத்தைத்தான் கசியும்.
மூளை அழுததா, குதிகால் அழுததா,
பிரித்துச் சொல்ல வழியில்லை.

மெஷினுக்கு வெட்கம் கிடையாது,
கொடுத்தால் ஓர் எண் தரும்.
தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு தரும்.

போன் செய்தேன்.
"இன்னொரு தடவை எடுக்கணுமா?"
என்றார் சகாயராணி சிஸ்டர்.
பின்னால் மானிட்டர் விட்டுவிட்டுக் கூவியது.
"சர்க்கரைக்கு ரெண்டு, மஞ்சளுக்கு ஒண்ணு,
இன்னைக்கு நாலாவது குத்தும்மா இது.
ஆனா இப்பத்தான் உதைச்சான். பஞ்சு ஒட்டுன கால்லயே."

டீ கிளாஸ் நினைவுக்கு வந்தது.
'மாதிரி ஏற்கப்படவில்லை' என்று எழுதினேன்.
நாற்பத்தேழாம் வரிசையில்
ஏழாம் நாள் கட்டம் காலி.
கணக்குப் போடுகிறவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஐந்தரைக்கு இறங்கி வந்தேன்.
"இன்னைக்கு என்ன வந்துச்சுங்க?"
"ஒண்ணும் வரலைண்ணே."
அவர் முகம் மலர்ந்த வேகத்தில்
என் தூக்கம் கலைந்தது.
அதற்குள் செல்லை எடுத்துவிட்டார்:
"ஏய் ஒச்சு, ஒண்ணும் இல்லையாம்டீ!"

கேட்டைத் தாண்டி, கோரிப்பாளையம் ஸ்டாப் வரைக்கும்
பின்னாலேயே போனேன்.
"அண்ணே, நான் சொன்னது அப்படியில்ல.
ரத்தம் கெட்டுப்போச்சு. அளக்கவே இல்ல.
நல்லதுன்னும் சொல்லல, கெட்டதுன்னும் சொல்லல."

கைலி முனையால் முகத்தைத் துடைத்தார்.
ரொம்ப நேரம் ரோட்டைப் பார்த்துவிட்டு,
தொழில் பேசுகிற குரலில் கேட்டார்:

"முள்ளு இன்னும் ஆடுதுன்னு சொல்றீக."

ஆமாம் என்றேன்.

பரவை பஸ் வந்து நின்றது.
அவர் ஏறவில்லை.